எந்த லீவு என்று கேட்ட அக்கா

"எந்த லீவு?"

லீவு லெட்டர் அடிக்கக் கடைக்கு வந்த ஒருவரையும் அந்த அக்கா இப்படிக் கேட்காமல் விட்டதில்லை. வந்தவர் ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவராக இருப்பார். அவசரத்தில் இருப்பார்.

"லீவுன்னா லீவுதாங்கா. மூணு நாளு."

"மூணு நாளு வரமாட்டேன்னு தகவல் சொல்லுதீங்களா, வராம இருக்க அனுமதி கேக்கீங்களா? ரெண்டும் வேற, அண்ணாச்சி. முன்னதுல நீங்க பெரிய ஆளு. பின்னதுல அவன் பெரிய ஆளு."

"பின்னதையே அடிங்க. அவன் பெரிய ஆளாவே இருந்துட்டுப் போட்டும்."

பெஞ்சில் இருக்கிற எல்லாரும் சிரிப்பார்கள். அக்கா சிரிக்க மாட்டார். அவருக்கு அது விளையாட்டு இல்லை.

திரேஸ்புரம் போகிற ரோட்டில், ஐஸ் கம்பெனிக்கு எதிரே இருந்த ஜாப் டைப்பிங் கடை அது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், வாசலில் ஒரு பெஞ்சு. மீன் ஏலம் முடிந்து நேரே வருகிறவர்கள் ஈரக்கையோடு பேப்பரைத் தொட்டுவிடுவார்கள் என்று கதவில் ஒரு துண்டு தொங்கும். முதலில் துண்டு, பிறகுதான் பேச்சு. அக்காவின் பெயரை நான் எழுதப் போவதில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். எங்களுக்கெல்லாம் அவர் டைப் அக்கா.

நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். இங்கிலீஷை எழுத்துக்கூட்டி வாசிப்பேன், அர்த்தம் பாதிதான் பிடிபடும். என் வீட்டுக்காரர் வெளிநாட்டுக் கப்பலில் வேலை பார்த்தார். கம்பெனியிலிருந்து வருவதெல்லாம் இங்கிலீஷ் மெயில். அதை வாசித்துச் சொல்லவும் பதில் அடிக்கவும்தான் முதலில் அக்காவிடம் போனேன். பிறகு சும்மாவும் போனேன். மெழுகுவர்த்தி வாங்க மாதா கோயில் பக்கம் போனால்கூட அப்படியே ஒரு எட்டு எட்டிப் பார்த்துவிட்டு வருவேன்.

அக்காவிடம் ஒரு பழைய டைரி உண்டு. பக்கத்துக்கு ஒரு இங்கிலீஷ் வார்த்தை. பெரிய வார்த்தையெல்லாம் அதில் கிடையாது. "பெரிய வார்த்தைக்கு ஒரு அர்த்தந்தான் ளா இருக்கும். டிக்‌ஷனரியில பாத்தா முடிஞ்சுது. இந்தச் சின்ன வார்த்தைங்கதான் ஆளைக் கவுத்துரும்" என்பார். அதில் 'லீவ்' என்ற வார்த்தைக்கு ஒரு பக்கம் போதாமல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி எழுதியிருந்தார். நான் ஒருநாள் வாசித்துப் பார்த்தேன். வேலைக்குப் போகாமல் இருக்கிறது. ஒரு இடத்தை விட்டுக் கிளம்புகிறது. ஒரு ஆளைக் கைவிடுகிறது. தட்டில் மிச்சம் வைக்கிறது. குடையை பஸ்ஸில் மறந்து வைத்துவிட்டு வருகிறது. செத்த பிறகு யாருக்கு எது என்று எழுதி வைக்கிறது. நமக்கென்ன என்று தலையிடாமல் விடுகிறது. கோர்ட்டு கொடுக்கிற அனுமதி. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதை யார் கொண்டுவந்த காகிதத்தில் பார்த்தார் என்று சின்னதாக ஒரு குறிப்பு. 'வக்கீல் குமாஸ்தா.' 'கப்பல்காரர் உயில்.' 'காலேஜ் சார்.'

அந்தக் காலேஜ் சார் இங்கிலீஷில் கதை எழுதுகிறவர். கையால் எழுதிக்கொண்டு வந்து அக்காவிடம்தான் அடிக்கக் கொடுப்பார். ஒருநாள் நானும் பெஞ்சில் இருந்தேன். அக்கா பாதியில் நிறுத்திவிட்டு அவரைக் கூப்பிட்டார்.

"சார், இங்கன பாருங்க. 'அவன் பெண்டாட்டியை லீவ் பண்ணினான்'னு எழுதியிருக்கீங்க. வீட்டுல விட்டுட்டு வெளியூர் போனானா, தள்ளி வச்சுட்டானா, இல்ல இவன் செத்து அவளை விட்டுட்டுப் போனானா?"

சார் சிரித்தார். "மூணுமே இருக்கட்டுமே மேடம். கதைக்கு நல்லாத்தானே இருக்கு."

"மூணும் வேணும்னு தெரிஞ்சு எழுதுனா சரி. எதுன்னு உங்களுக்கே தெரியாம எழுதிட்டு மூணும் இருக்கட்டும்னு சொல்லக் கூடாது. எழுதுறவன் தெரிஞ்சு விட்டா அது கதை. தெரியாம விட்டா படிக்கவன்தான கஷ்டப்படணும்?"

சார் அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டு போனவர், ஒரு வாரம் கழித்து அந்த வரியை மாற்றி எழுதிக்கொண்டு வந்தார். என்ன மாற்றினார் என்று எனக்குத் தெரியாது. அக்கா வாசித்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினார்.

இப்படி ஒரு பெண் ஏன் ஆனார் என்று ஊரில் பேச்சு இருந்தது. யாரோ ஒருத்தன் ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு, பிறகு நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டுப் போனான் என்பார்கள். உண்மையா பொய்யா தெரியாது. நான் கேட்டதில்லை. அவர் உடன்குடிப் பக்கத்து ஆள், நெற்றியில் திருநீறு இல்லாமல் கடை திறக்க மாட்டார், தனியாக இருந்தார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

எங்கள் மூத்த மகளுக்குப் புதுநன்மை, அதாவது கோயிலில் முதல் தடவை நற்கருணை வாங்குகிற நாள், வந்த வருஷம் அது. வீட்டுக்காரர் போனில் பிள்ளை மாதிரி அழுதார். எப்படியாவது வரணும், நற்கருணை வாங்குற அன்னைக்கு அவ பக்கத்துல நிக்கணும் என்றார். கான்ட்ராக்ட் முடிய இன்னும் நாலு மாதம். பிள்ளைக்குப் புதுநன்மை என்று சொன்னால் எந்தக் கம்பெனி விடும்? கப்பல்காரர் வீடுகளில் இதற்கு எல்லாரும் செய்கிற ஒன்று உண்டு. அம்மாவோ அப்பாவோ இறந்துபோனதாக மெயில் அனுப்புவது. என் கொழுந்தன் அதைத்தான் செய்யலாம் என்றான். அவரைப் பெற்ற என் மாமியிடமே கேட்டோம். மாமிக்கு அப்போது ஒரு நோயும் இல்லை, ஆலமரம் மாதிரி இருந்தார்கள். கடைக்கு நானும் வாரேன் என்று கிளம்பிவிட்டார்கள்.

கொழுந்தன் உள்ளே போய், "அக்கா, கம்பெனிக்கு ஒரு மெயில். மதர் எக்ஸ்பயர்டு. ரெண்டு வரி போதும்" என்றான்.

அக்கா பதறி என்னைப் பார்த்தார். "ஏளா, மாமி போயிட்டாங்களா? எப்ப?"

"இன்னும் போகல தாயி" என்று வாசல் பெஞ்சிலிருந்து மாமி குரல் கொடுத்தார்கள். "மக்ரூன் வாங்கியிருக்கேன். இதைத் தின்னுட்டுப் போலாம்னு இருக்கேன்."

பெஞ்சே குலுங்கிச் சிரித்தது. அக்கா எழுந்து வெளியே வந்து மாமியைப் பார்த்தார்.

"நீங்கதானா அது?"

"நானேதான். பொய்ச்சாவு சொன்னா ஆயுசு கூடும்லா? தாராளமா அடி. எனக்குப் பத்து வருசம் கிடைக்கட்டும், எம் மவனுக்கு ஒரு மாசம் கிடைக்கட்டும். ரெண்டு பேருக்கும் லாபம்."

உயிரோடு இருக்கிறவரைச் செத்துப்போனதாக யாராவது சொல்லிவிட்டால் அவர் ஆயுசு கெட்டிப்படும் என்பது எங்கள் பக்கம் எல்லாரும் நம்புகிறதுதான். நானும் நம்பினேன். அதனால்தான் அது பாவம் என்றே அன்றைக்குத் தோன்றவில்லை. மாமிக்கு நல்லது செய்கிற மாதிரிகூட இருந்தது.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு வராதும்மா."

"என்ன வராது?"

"மக்ரூன் திங்கிற ஆளைச் செத்ததா அடிக்க எனக்குக் கை வராது."

கொழுந்தனுக்குக் கோபம். "யக்கா, ஊர்ல எல்லாப் பிள்ளையும் காச்சல்னு லீவு லெட்டர் எழுதிட்டுத்தான் சினிமாவுக்குப் போவுது. நீங்க ஒரு ஆளு மட்டும் என்ன!"

"போவட்டும் தம்பி. அதுக அது கையால எழுதுது."

"வாங்கலே" என்று மாமி எழுந்தார்கள். "வேற கடையே இல்லாத ஊரா இது?"

வேறு கடையில் அடித்தோம். கம்பெனி ஆட்கள் காதில் விழட்டும் என்று கொழுந்தன் கப்பலுக்குப் போன் போட்டு அண்ணனிடம் அழுதும் காட்டினான். இறப்புச் சர்டிபிகேட்டைப் பிறகு அனுப்புங்கள் என்று கம்பெனி சொன்னது. பிறகு யாரும் கேட்கவில்லை. வீட்டுக்காரர் வந்தார். மகள் வெள்ளை உடுப்போடு நிற்க, அவர் பக்கத்தில் நின்றார். செத்துப்போன மாமி பிரியாணிச் சட்டி பக்கத்தில் நின்று ஆளுக்கு அதட்டல் போட்டுப் பரிமாறினார்கள். அவர்கள் பெயரைச் சொல்லியே அன்றைக்கு வீடு முழுக்கக் கேலி. "ஏலே, ஆவி சோறு போடுது, பயப்படாம தின்னுங்கலே" என்று மாமியே சொன்னார்கள்.

அடுத்த வாரம் அக்கா கடைக்குப் போனபோது, "வந்துட்டாரா? சந்தோஷம்" என்றார். கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சாமியாரிடம் இந்தப் பாவத்தைச் சொன்னேன். ஒரு செபமாலை அபராதம் கொடுத்தார். முடிந்தது என்று நினைத்தேன்.

இரண்டு வருஷம் கழித்து வீட்டுக்காரர் கப்பலுக்கு ஆள் அனுப்புகிற அதே கம்பெனி மூலமாக வேறு ஒரு கப்பலில் ஏறினார். ஏறிய ஐந்தாம் மாதம் கப்பல் முதலாளி நொடித்துப் போனான். வளைகுடாப் பக்கம் ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்ட இடத்திலேயே கப்பலைக் கோர்ட்டு பிடித்து வைத்துவிட்டது. மற்றவர்களை இறக்கிவிட்டு ஐந்து பேரை மட்டும் நிறுத்தினார்கள். கப்பலில் ஆள் இல்லாமல் விடக் கூடாதாம். பதிலுக்கு ஒரு ஆள் ஏறினால்தான் ஒரு ஆள் இறங்கலாம். அந்த ஐந்தில் இவரும் ஒருவர். பதில் ஆளை அனுப்ப வேண்டியது கம்பெனி. அனுப்பவில்லை.

மாதத்துக்கு இரண்டு தடவை அக்கா கடைக்குப் போனேன். முதல் நாளே நான், "லீவு கேட்டு எழுதுங்கக்கா" என்றேன்.

அக்கா டைரியைத் திறந்து அந்தப் பக்கத்தை எடுத்தார். "வேலை நடக்கவனுக்குத்தான் ளா லீவு. அங்க வேலையே இல்லையே. இவரைப் பிடிச்சு வச்சிருக்கது கோர்ட்டு. அப்ப நாம கேக்க வேண்டியது இது" என்று கோர்ட்டு கொடுக்கிற அனுமதி என்ற வரியில் விரலை வைத்தார். "அதை அங்க உள்ள கோர்ட்டுல கேக்கச் சொல்லி எம்பசிக்கு எழுதணும். பதில் ஆளை அனுப்பச் சொல்லி கம்பெனிக்குத் தனியா எழுதணும். ரெண்டையும் ஒண்ணாப் போட்டா, அவன் இவனைக் காட்டுவான், இவன் அவனைக் காட்டுவான்."

அப்படித்தான் எழுதினார். எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லி, என்னை என் வாயால் திருப்பிச் சொல்ல வைப்பார். நான் தடுமாறாமல் சொன்ன பிறகுதான் கையெழுத்து. எல்லாக் கடிதத்தையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்புவேன். கப்பலில் ஜெனரேட்டர் ஓடுகிற ஒரு மணி நேரத்தில் போனை சார்ஜ் போட்டு, சிக்னல் கிடைத்தால் பார்ப்பார். "அந்த அக்கா மட்டுந்தான் உள்ளதை உள்ளபடி எழுதுதாங்க" என்று ஒருதடவை எழுதியிருந்தார். பதில் எங்கிருந்தும் வரவில்லை. வந்தால், பரிசீலனையில் இருக்கிறது என்று வரும். அதை அக்கா அப்படியே சொல்வார். கூடவே, "நம்பிக்கையா எடுத்துக்கிடாத. இது நம்பிக்கைக்கு எழுதுன வரி இல்ல" என்பார். நான் மாதா படத்துக்கு முன்னால் போய் உட்காருவேன். அங்கே மட்டும் யாரும் எனக்கு அர்த்தம் சொல்லவில்லை.

ஒரு வருஷம் தாண்டியபோது மாமிக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். கண்டுபிடிக்கும்போதே பரவியிருந்தது. ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். ஆலமரம் மாதிரி இருந்தவர்கள் பாயோடு பாயாகிவிட்டார்கள். விடிந்தால் ஒரே கேள்வி. "எம் மவன் வாரானா?"

அக்காவிடம் ஓடினேன். "மாமி சாகக் கிடக்காங்கக்கா. கம்பெனிக்கு எழுதுங்க. இதுக்கு விடுவாங்கல்லா?"

அக்கா கம்ப்யூட்டரைத் தொடவில்லை. "அன்னைக்கு வேற கடையில என்ன ளா அடிச்சீங்க?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "இறந்துட்டாங்கன்னுதான்."

"அப்ப முதல் வரியில அதைச் சொல்லணும். அன்னைக்குச் சொன்னது பொய்யின்னு."

கூட வந்த கொழுந்தன் விடவில்லை. "அதைச் சொன்னா அண்ணனுக்கு வேலையே போயிரும். வளர்த்த தாயின்னு போடுவோம். மதர்னா இங்கிலீஷ்ல அதுவும் வரும்லா? உங்க டைரியில பாருங்க."

"டைரியில வரும் தம்பி. உங்க வீட்டுல வராதுலா. பெத்தவங்கதான அவங்க?"

"ஒரு உசுரு போகப் போவுதுங்கா."

"தெரியுது" என்றார் அக்கா. கண் கலங்கியிருந்தது. ஆனால் கை மடியில்தான் இருந்தது.

வேறு கடைக்குப் போயிருக்கலாம். கொழுந்தன் என் கையைப் பிடித்து இழுத்தான். நான் போகவில்லை. முன்பு போனதற்குத்தான் இது என்று பயம். ஆண்டவர் இந்தத் தடவை உண்மையைப் பார்ப்பார் என்று ஒரு எண்ணமும் இருந்தது. அக்கா அடித்தார். அன்றைக்கு நாங்கள் சொன்னது பொய், இன்றைக்குச் சொல்வது உண்மை, ஆஸ்பத்திரிச் சீட்டு இணைத்திருக்கிறோம், மகனைப் பார்க்காமல் அவர்கள் போய்விடுவார்கள், ஒரு பதில் ஆளை அனுப்புங்கள். நான் திருப்பிச் சொன்னேன். தடுமாறாமல் சொல்ல நாலு தடவை ஆனது. அந்தக் கடிதத்தை மட்டும் வீட்டுக்காரருக்கு அனுப்பவில்லை; அங்கே கிடந்து தவிப்பார் என்று மாமியின் நோயையே அவரிடம் மறைத்திருந்தோம்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. மூன்று வரி. எங்கள் பதிவேட்டின்படி இவருடைய தாயார் முன்பே காலமாகிவிட்டார். முரணான தகவல் தருகிற குடும்பத்தின் கோரிக்கையை ஏற்பதற்கில்லை. ஆள் கிடைக்கும்போது மாற்றப்படுவார்.

அக்கா அதை ஒரு சொல்கூடக் குறைக்காமல் சொன்னார். எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது.

"வளர்த்த தாயின்னு எழுதியிருந்தா வந்திருப்பார்லா? சொல்லுங்க. வந்திருப்பார்லா?"

வேறு யாராக இருந்தாலும் அப்படியெல்லாம் இல்லை என்று தேற்றியிருப்பார்கள். அக்கா நேராக என்னைப் பார்த்தார்.

"வந்திருக்கலாம்" என்றார். "இல்லைன்னு சொல்ல மாட்டேன் ளா."

அதன் பிறகு பத்து நாள் அந்த ரோட்டுப் பக்கமே நான் போகவில்லை. பாவத்துக்கு மன்னிப்பு கிடைத்துவிட்டது, பதிவேட்டில் மன்னிப்புக்கு இடமில்லை என்று தோன்றியது. அப்படி நினைப்பதே பாவம் என்றும் தோன்றியது. செபமாலையை எடுத்தால் எந்த மணியில் விட்டேன் என்று மறந்துவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு மாமி இறந்தார்கள். முந்தின நாள்தான் சாமியார் வந்து, சாகக் கிடக்கிறவர்களுக்கு எண்ணெய் தொட்டுச் செபிக்கிற நோயில் பூசுதல் கொடுத்திருந்தார். கடைசியாகப் பேசியது, "வாரானா?" என்றுதான். வாரார் மாமி என்றேன் நான். அந்தப் பொய்யையும் நான்தான் சொன்னேன்.

வீட்டுக்காரருக்குத் தகவல் போட்டோம். பத்து மணி வரை அவர் பார்க்கவில்லை. வீடு நிறைய ஆள். வாசலில் அக்கா வந்து நின்றார். கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். அந்த நேரத்தில்தான் போன் அடித்தது. சிக்னல் விட்டு விட்டு வந்தது.

"ஏளா, மெசேஜ் பாத்தேன்" என்றார் அவர். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கம்பெனி ஆளு யாரும் பக்கத்துல இருக்கானா? ஸ்பீக்கர்ல போட்டிருக்கியா?"

"இல்லைங்க. மாமி..."

"ரெண்டாந்தரம் எடுபடாது ளா. தம்பி சொன்னானா இப்படிச் செய்யச் சொல்லி?"

கொழுந்தன் போனைப் பிடுங்கி, "அண்ணே, நிசமாத்தாம்ணே" என்று கத்தினான். "நடிக்காதலே. அன்னைக்கும் இப்படித்தான் அழுத" என்றார் அவர். வீடியோவில் காட்டச் சிக்னல் இல்லை. பின்னால் பெண்கள் ஒப்பாரி வைத்த சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். அதையும் ஏற்பாடு என்றுதான் நினைத்திருப்பார். கடைசியில், "அந்த டைப் அக்கா இருக்காங்களா அங்கன? இருந்தா அவங்ககிட்ட குடு" என்றார்.

நான் போனை நீட்டினேன். அக்கா உடனே வாங்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். குனிந்து மாமியின் முகத்தைப் பார்த்தார். செபமாலை சுற்றியிருந்த கையைத் தொட்டார். தொட்ட கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு வந்து வாங்கினார்.

"தம்பி, டைப் அக்கா பேசுதேன்."

"சொல்லுங்கக்கா. உண்மையா?"

"அம்மா இறந்துட்டாங்க தம்பி. தொட்டுப் பாத்துட்டுத்தான் பேசுதேன். காலைல ஆறரைக்கு."

போனுக்குள்ளிருந்து வந்த சத்தத்தில் ஒப்பாரி வைத்தவர்களே நிறுத்திவிட்டார்கள். அக்கா போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றார். பிறகு வீட்டுக்காரர் கேட்டது என் காதிலும் விழுந்தது.

"எப்பக்கா எடுக்காங்க?"

"நாலு மணிக்கு."

"நாளைக்கு வரைக்கும் வச்சிருக்கச் சொல்லுங்க. இப்ப நம்புவாங்கல்லா? இப்பயாவது ஆளை அனுப்புவாங்கல்லாக்கா?"

வீடே அக்காவின் வாயைப் பார்த்தது. கொழுந்தன் தலையை ஆட்டி ஆட்டி, ஆமா என்று சொல்லுங்க என்று கண்ணாலேயே கெஞ்சினான்.

"அனுப்ப மாட்டாங்க தம்பி" என்றார் அக்கா.

நாலு மணிக்கு எடுத்தோம்.